புதுப்பிப்பு: போலோவில் பழைய அலாய் வீல், போல்ட் பிரச்சினை தீர்ந்தது
ஃபோக்ஸ்வேகன் போலோவுக்கு வாங்கிய செகண்ட் ஹேண்ட் அலாயில் போல்ட் சரியாக உட்காரவில்லை, ஸ்டீயரிங்கும் நடுங்குகிறது என்று முன்பு கேட்டிருந்தேன். காரணம் தெரிந்துவிட்டது. கம்பெனி போல்ட்டின் தலைக்கு அடியில் உருண்டை வடிவம். இந்த அலாயின் துளையோ 60 டிகிரி கூம்பு. இரண்டும் ஒரு மெல்லிய கோட்டில்தான் தொடும். துளையின் பெயிண்டில் மயிரிழை வளையமாகத் தடம் விழுந்திருந்தது. இப்படியே ஓட்டினால் போல்ட் தளரும், உயிருக்கே ஆபத்து.

அதே எம்14, 1.5 பிட்ச் (14 மி.மீ. விட்டம், 1.5 மி.மீ. மரை இடைவெளி) மரையில் கூம்புத் தலை போல்ட் வாங்கினேன். நீளமும் முக்கியம்: கூடினால் பின் சக்கர பிரேக் டிரம்முக்குள் உரசும். அப்புறம், அலாயின் நடுத்துளை 73.1 மி.மீ., போலோ ஹப் (சக்கரம் மாட்டும் நடுப் பகுதி) 57.1. இந்த இடைவெளியை நிரப்பும் ஹப் ரிங் என்ற வளையம் போட்டதும் நடுக்கம் நின்றது. போல்ட்களை டார்க் ரெஞ்சில் (இறுக்கத்தை அளந்து வைக்கும் ஸ்பேனர்) 120 நியூட்டன் மீட்டருக்கு இறுக்கினேன். 50 கி.மீ. ஓடியதும் மறுபடி இறுக்கம் பார்த்துவிடுங்கள்.