மறு: டெராரியம் – மண்ணகமா, செடிச்சிமிழா?

நண்பர்களுக்கு வணக்கம்.

கண்ணாடிக் கலத்துக்குள் மண்ணிட்டுச் செடி வளர்க்கும் 'டெராரியம்' என்பதற்குத் தமிழில் என்ன பெயர் வைக்கலாம் என்பதே கேள்வி. அதற்கு 'மண்ணகம்' என்று முன்மொழிந்த ஐயாவின் வழி நேரானது. லத்தீனில் 'டெர்ரா' என்றால் மண், ஆகவே மண்ணகம். ஆனால் விண்ணகம், மண்ணகம் என்று சேர்த்தே கேட்டுப் பழகிய காதுக்கு அது இந்தப் பூவுலகம். ஊறுகாய்ப் போத்தலுக்குள் உலகத்தையே அடைக்க வேண்டுமா, ஐயா?

அப்படியே ஒலிபெயர்க்கலாம் என்பதும் இங்கே மொரீசியசில் எடுபடாது. பிரெஞ்சு வாய்க்குத் தெராரியோம், ஆங்கில வாய்க்கு டெராரியம். போதாக்குறைக்கு, பிரெஞ்சில் அந்தச் சொல் பல்லியும் பாம்பும் வளர்க்கும் கண்ணாடிப் பெட்டியையும் குறிக்கும். வகுப்பில் ஒன்றைச் செய்துகாட்டியபோது ஒரு பையன் கேட்ட முதல் கேள்வி, "பச்சைப் பல்லியை எப்போது உள்ளே விடுவோம், ஐயா?"

என் கட்சி இதுதான்: இந்தப் பொருளின் உயிர் மண்ணில் இல்லை, மூடியில் இருக்கிறது. 1829இல் லண்டன் மருத்துவர் நதானியேல் வார்டு, அந்துப்பூச்சிக் கூட்டுப்புழு ஒன்றை ஈரமண்ணோடு போத்தலில் மூடி வைத்தார். அந்த மண்ணில் பெரணி முளைத்தது. 1833இல் இதே முறையில் மூடிய பெட்டிகளில் சிட்னிக்கு அனுப்பிய செடிகள் உயிரோடு போய்ச் சேர்ந்தன. 1842இல் அவர் வெளியிட்ட நூலின் தலைப்பே 'இறுக மூடிய கண்ணாடிப் பெட்டிகளில் செடி வளர்ச்சி' என்ற பொருள்படும். மண் என்ற பேச்சே அந்தத் தலைப்பில் இல்லை. 1770இல் இங்கே பிரெஞ்சு நிர்வாகியாக இருந்த பியேர் புவாவ்ர் ஜாதிக்காய், கிராம்புக் கன்றுகளை இந்தத் தீவுக்கு வரவழைத்தபோது இப்படியொரு பெட்டி கிடையாது. உப்புக்காற்றைத் தாண்டி அவை கரை சேர்ந்ததை நினைத்தால் வியப்பாக இருக்கிறது.

என் சன்னலோரப் போத்தலைப் பாருங்கள். அடியில் இரண்டு விரற்கடை கருங்கல் பொடிக்கல், மேலே கொஞ்சம் அடுப்புக்கரி, அதன்மேல் மண், ஒரு சிறு பெரணி, கியூர்பிப் வீட்டு மதிலில் சுரண்டிய பாசி. அந்த ஊர் ஈரத்துக்குப் பாசி தேடிக் காட்டுக்குப் போக வேண்டியதில்லை. காலையில் கண்ணாடி ஒரு பக்கம் வியர்க்கிறது. துளிகள் வழிந்து மண்ணுக்கே திரும்புகின்றன. முழுவதும் மங்கிவிட்டால் மூடியைச் சற்று நேரம் திறந்து வைக்கிறேன். நேர்வெயிலில் வைத்த முதல் போத்தலில் பெரணி ஒரே பகலில் கீரைபோல் வெந்துவிட்டது.

மூடியோடு சேர்ந்த சிறு கலத்துக்கு நம்மிடம் பெயர் இருக்கிறது: சிமிழ். குங்குமச் சிமிழ் இல்லாத வீடு உண்டா? குடுவை என்றால் வேதியியல் வகுப்பின் கூம்புக் குடுவை முன்னே வந்து நிற்கும். பூச்சாடி ஏற்கெனவே வேறு வேலையில் இருக்கிறது. குப்பி எனக்கு மருந்து வாடை அடிக்கிறது. இது என் மூக்கின் குறையாகவும் இருக்கலாம். ஆகவே 'செடிச்சிமிழ்'.

மேசையளவு பெரிதானால் என்ன செய்வது என்று அம்மா ஒருவர் கேட்டிருந்தார். அதற்குச் 'செடிப்பேழை' என்போம். வார்டு செய்தவையும் பேழைகள்தாமே. கள்ளிவகை நட்ட திறந்த கிண்ணங்களுக்கு இரண்டும் பொருந்தாது. மூடி இல்லாததைச் சிமிழ் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவை கண்ணாடித் தொட்டிகளாகவே இருக்கட்டும்.

அடியிலுள்ள பொடிக்கல் படுகைக்கு 'வடிகால் அடுக்கு' என்று எழுதி வருகிறேன். ஆனால் அங்கிருந்து நீர் எங்கும் வடிந்து வெளியேறுவதில்லை, தேங்கித்தான் நிற்கிறது. 'தேக்கடுக்கு' சரிப்படுமா?