குருத்து கையோடு வந்துவிட்டது: பேர்ணில் 11 வயதுப் பனை, காப்பாற்ற முடியுமா?

வடலி (பேர்ண், சுவிஸ்), மார்ச் 16

எல்லோருக்கும் வணக்கம். பேர்ண் நகருக்குப் பக்கத்தில் இருக்கிறேன். மகள் பிறந்த வருடம் வீட்டு வளவில் ஒரு பனை நட்டேன். இங்கே ஹான்ஃப்பால்மே என்று சொல்லும் விசிறிப் பனை, தாவரப் பெயர் ட்ரக்கிகார்பஸ் ஃபோர்ச்சுனி. அப்போது முழங்கால் உயரம். இப்போது தண்டு மட்டும் ஒரு மீட்டருக்கு மேல். யாழ்ப்பாணத்திலிருந்து வந்திருந்த அப்பா இதை "வடலி", அதாவது இளம் பனை, என்றுதான் கூப்பிட்டார். அந்தப் பெயர் வீட்டில் நிலைத்துவிட்டது.

ஒவ்வொரு வருடமும் சும்மா ஒரு துணியைச் சுற்றி விடுவேன். இந்த முறை கடும் குளிர் வரும் என்று பயந்து, நவம்பர் கடைசியில் குமிழ்ப் பொலித்தீனால் அடி முதல் உச்சி வரை இறுக்கிச் சுற்றி ஒட்டிவிட்டேன். நேற்றுத்தான் பிரித்தேன். வெளி ஓலைகள் பழுப்பு. நடு வட்டத்து ஓலைகள் பச்சை. நடுவில் விரியாமல் நிற்கும் குருத்தை மெதுவாக இழுத்துப் பார்த்தேன், அப்படியே கையோடு வந்துவிட்டது. அதன் அடி பழுப்பாகி, கொழகொழவென்று, கெட்ட வாடை.

மரம் செத்துவிட்டதா? உச்சியை வெட்டிவிட வேண்டுமா? செத்துவிட்டால் தன் வளவில் முளைத்த கன்று ஒன்றைத் தருவதாக நண்பர் சொல்கிறார். ஆனால் மகள் இதை விட மாட்டாள், எனக்கும் மனசு வரவில்லை.

லெஸ்டர்வாசி (இங்கிலாந்து), மார்ச் 16

கவலைப்படாதீர்கள். 2010 டிசம்பர்க் குளிரில் எங்கள் வீட்டுப் பனையும் இப்படித்தான் ஆனது. தலை முழுதும் அழுகித் தண்டே மெத்தென்று ஆகிவிட்டது. தரையோடு வெட்டி விட்டோம். அடுத்த கோடையில் அடியிலிருந்து மூன்று முளை வந்தது, இன்று கூரை உயரம். நீங்களும் வெட்டிவிட்டுக் கொஞ்சம் உரம் போடுங்கள்.

ரைன்கரை (பாசல், சுவிஸ்), மார்ச் 16

தம்பி, தயவுசெய்து வெட்ட வேண்டாம்! உரமும் வேண்டாம்.

லெஸ்டர்வாசி சொல்வது பொய்யில்லை, ஆனால் அது பனை இல்லை. தரையிலிருந்து மறுபடி முளைத்தது என்றால் அது கோர்டிலைன் ஆஸ்ட்ராலிஸ், நியூசிலாந்துச் செடி. இங்கிலாந்தில் டோர்க்கி கடற்கரையில் பனை என்று எல்லோரும் படம் பிடிப்பதும் பெரும்பாலும் அதைத்தான். இலை வாள் மாதிரி நீளமாக இருக்கும், விசிறி மாதிரி மடிப்பு இருக்காது. அதற்கு வேரிலிருந்து புதிதாக முளைக்கும் சக்தி உண்டு.

உங்கள் வடலிக்கு அது இல்லை. ஒரு தண்டுக்கு ஒரே ஒரு வளர்முனைதான். அது தண்டின் உச்சிக்குள், குருத்து வெளியே தெரியும் இடத்துக்குக் கொஞ்சம் கீழே இருக்கிறது. அது போனால் மரம் போனது. அது இருந்தால், மேலே எவ்வளவு அழுகியிருந்தாலும் புதுக் குருத்து தள்ளும். கண்ணை மூடிக்கொண்டு உச்சியை வெட்டினால் உயிரோடு இருக்கும் முனையையே வெட்டிவிடுவீர்கள்.

நான் 20 வருடமாக வைத்திருக்கிறேன், இரண்டு முறை இதே நிலைமை வந்தது. முதலில் சில கேள்விகள்:

உங்கள் வளவில் மிகக் குறைந்த வெப்பநிலை எவ்வளவு? தண்டை உச்சிக்குக் கிட்ட அமுக்கினால் கல் மாதிரி இருக்கிறதா, அமுங்குகிறதா? பச்சையாக நிற்கும் ஓலை மட்டைகளை இழுத்தால் அவையும் கழன்று வருகின்றனவா? அடியில் தண்ணீர் தேங்குமா?

வடலி (பேர்ண்), மார்ச் 16

நன்றி அக்கா. வெட்டுவதற்கு வாளை எடுத்து வைத்திருந்தேன், திரும்ப உள்ளே வைத்துவிட்டேன்.

வளவில் வெப்பமானி இருக்கிறது. ஜனவரியில் ஒரு இரவு -9, மற்ற நாட்களில் -5, -6. தண்டு கெட்டியாக இருக்கிறது. பச்சை மட்டைகள் அசையவில்லை. வீட்டுச் சரிவில்தான் நிற்கிறது, தண்ணீர் தேங்காது. ஆனால் பொலித்தீனைப் பிரித்தபோது உள்பக்கம் முழுக்க நீர்த்துளி, பன்னாடையெல்லாம் நனைந்து பூஞ்சணம்.

ரைன்கரை (பாசல்), மார்ச் 17

அப்படியென்றால் குளிர் காரணம் இல்லை. நன்றாக வேர்பிடித்த ட்ரக்கிகார்பஸ் -12 வரை பெரிய சேதமில்லாமல் தாங்கும், சில மரங்கள் அதற்குக் கீழேயும் தாங்கும். -9 இதற்குப் பெரிய விஷயமே இல்லை. கெடுத்தது ஈரம்.

பேர்ணில் கிழமைக் கணக்கில் மூடுபனி நிற்கும், தெரியும்தானே. காற்றுப் போகாத பொலித்தீனுக்குள் அந்த ஈரம் மூன்றரை மாதம் அடைபட்டிருக்கிறது. பகலில் கொஞ்சம் வெயில் பட்டால் உள்ளே சூடாகும், இரவில் நீராகிக் குருத்துக்குழிக்குள் வடியும், உறையும், மறுபடி உருகும். குளிரில் மரம் வளராது, அதனால் தன்னைக் காத்துக்கொள்ளவும் முடியாது. பாக்டீரியாவும் பூஞ்சையும் மெதுவாகக் கீழே இறங்குகின்றன. குருத்தின் அடிதான் எல்லாவற்றிலும் இளசு, அதைத்தான் முதலில் தின்னும்.

தண்டு கெட்டி, பச்சை மட்டைகளும் அசையவில்லை என்பது நல்ல அறிகுறி. இப்போது செய்ய வேண்டியது அழுகலை வளர்முனைக்குப் போகவிடாமல் நிறுத்துவது மட்டும்தான்.

குழிக்குள் இருக்கும் கொழகொழப்பைக் கரண்டிக் காம்பாலும் சமையலறைத் தாளாலும் முடிந்தவரை எடுங்கள். கெட்டியான, வெள்ளையான சதை தட்டுப்பட்டால் அங்கேயே நிறுத்திவிட வேண்டும். பிறகு மருந்தகத்தில் 3 சதவீத ஹைட்ரஜன் பெரொக்சைட் வாங்கிக் குழி நிறைய ஊற்றுங்கள். நன்றாக நுரைக்கும். நுரை அடங்கியதும் தாளால் ஒற்றி உலர்த்துங்கள். இரண்டு மூன்று நாள் இடைவெளி விட்டு மறுபடி. நுரை குறைந்துகொண்டே வந்தால் அழுகல் குறைகிறது என்று அர்த்தம்.

பச்சை ஓலை ஒன்றைக்கூட வெட்டாதீர்கள். அரைப்பச்சையாக இருந்தாலும் விடுங்கள். புதுக் குருத்துக்குச் சாப்பாடு போடப்போவது அவைதான்.

தென்னந்தோப்பு (பொள்ளாச்சி), மார்ச் 17

வணக்கங்க. பனிக்குளிர் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது, ஆனால் படித்ததும் இது எங்கள் ஊர்க் குருத்தழுகல் மாதிரியே இருக்கிறது. மழைக்காலத்தில் தென்னங்கன்றுகளில் வரும், குருத்து வாடி இழுத்தால் கையோடு வரும், அதே நாற்றம். எங்களுக்குப் பெரும்பாலும் பைட்டோப்தோரா என்ற, பூஞ்சை போன்ற நுண்ணுயிர்தான் காரணம்.

நாங்கள் அழுகிய பாகத்தைச் சுத்தமாகச் செதுக்கி எடுத்துவிட்டு 10 சதவீத போர்டோ பசை தடவுவோம். மயில்துத்தம் (தாமிர உப்பு) 100 கிராம், சுட்ட சுண்ணாம்பு 100 கிராம், தண்ணீர் ஒரு லிட்டர். மயில்துத்தத்தைத் தனியாக, சுண்ணாம்பைத் தனியாகக் கரைத்துப் பிறகு சேர்க்க வேண்டும், உலோகப் பாத்திரம் ஆகாது. தடவிய பிறகு கொண்டையின் மேல் ஒரு மண்சட்டியைக் கவிழ்த்து வைப்போம், புதுக் குருத்து தள்ளும் வரைக்கும் மழை உள்ளே இறங்காமல் இருக்க. மருந்தைவிட அந்தச் சட்டிதான் பாதி வேலையைச் செய்கிறது என்று என் அப்பா சொல்வார்.

ரைன்கரை (பாசல்), மார்ச் 17

பொள்ளாச்சி அண்ணா சொன்னது இங்கேயும் அப்படியே பொருந்தும். தாமிரம்தான். வடலித் தம்பி, நீங்கள் பசை காய்ச்ச வேண்டாம். தோட்டக் கடையில் திராட்சைக்குத் தெளிக்கும் தாமிரப் பூஞ்சைக்கொல்லி கிடைக்கும், பெட்டியில் எழுதியிருக்கும் அளவில் கரைத்துக் குழிக்குள் விடுங்கள். பெரொக்சைட் ஊற்றிய அன்றைக்கே விட வேண்டாம். 10 நாள் கழித்து இன்னொரு முறை, அவ்வளவுதான். தாமிரம் அதிகமானால் இளங்குருத்தையே சுட்டுவிடும்.

சட்டிக்குப் பதில் ஒரு வாளியைக் கவிழ்த்து, இரண்டு குச்சி வைத்து உயர்த்தி விடுங்கள். மழை படக்கூடாது, காற்றுப் போக வேண்டும்.

ஏரிக்கரை (லொகார்னோ, டிசினோ, தென் சுவிஸ்), மார்ச் 18

நண்பர் தருவதாகச் சொன்ன கன்று பற்றி ஒரு வார்த்தை. வாங்கிவிடாதீர்கள். 2024 செப்டம்பர் 1 முதல் சுவிசில் இந்தப் பனையை விற்கக் கூடாது, இறக்குமதி செய்யக் கூடாது, இனாமாகக் கொடுக்கவும் கூடாது. ஏற்கனவே தோட்டத்தில் நிற்பதை வைத்திருக்கலாம், அதற்குத் தடை இல்லை.

நான் இருக்கும் பக்கத்தில் வந்து பார்த்தால் காரணம் புரியும். ஏரியைச் சுற்றியுள்ள காடுகளில் மரங்களுக்கு அடியில் இந்தப் பனங்கன்றுகள் நெருக்கமாக முளைத்துக் கிடக்கின்றன. கருநீலப் பழங்களைப் பறவைகள் தின்று கொட்டையை எங்கும் போடுகின்றன. அங்கே வேறு எதுவும் முளைக்க இடமில்லை. எனக்கு இந்த மரம் உயிர், ஆனால் அந்தக் காட்டைப் பார்த்தால் வேதனையாக இருக்கும்.

உங்களுடையது பிழைத்தால், பாளை வரும்போது பழுக்க விடாமல் வெட்டிவிடுங்கள். வெட்டியதைக் குப்பைப் பையில் போடுங்கள், உரக்குழியில் வேண்டாம். இதில் ஆண் மரம், பெண் மரம் தனித்தனி. ஆண் என்றால் பழம் வராது, ஆனால் பூக்கும்வரை எது என்று தெரியாது.

வடலி (பேர்ண்), மார்ச் 18

இது எனக்குத் தெரியவே தெரியாது, மிக்க நன்றி. நண்பருக்கும் சொல்லிவிட்டேன். அப்படியென்றால் இருப்பதைக் காப்பாற்றியே ஆக வேண்டும்.

ஸ்கார்பரோ செடி (ரொறன்ரோ), மார்ச் 20

இடையில் கேட்பதற்கு மன்னிக்கவும். எங்கள் ஊரில் -20 வரை போகும். இதை நிலத்தில் வைக்கலாமா?

ரைன்கரை (பாசல்), மார்ச் 20

மூடாமல் முடியாது. வான்கூவரில் இங்கிலிஷ் பே கரையில் இதே பனை வெளியில் நிற்கிறது, ஆனால் அது கடலோரக் குளிர், ரொறன்ரோ குளிர் வேறு. உங்களுக்குத் தொட்டிதான் நல்லது. நவம்பரில் கராஜுக்குள், உறையாத ஆனால் குளிர்ச்சியான இடத்தில் வைத்து, மாதம் ஒருமுறை மட்டும் கொஞ்சம் தண்ணீர். வீட்டுச் சூட்டுக்குள் கொண்டுபோனால் காய்ந்து, சிலந்திப்பேன் பிடித்துக் கெடும்.

நிலத்தில்தான் வேண்டும் என்றால் அமெரிக்காவின் தென்கிழக்கிலிருந்து வரும் ஊசிப்பனை, ராபிடோஃபில்லம், இதைவிடக் குளிர் தாங்கும். அது தண்டு உயராது, புதர் மாதிரி நிற்கும். உங்கள் குளிருக்கு அதையும் மூடத்தான் வேண்டும்.

வடலி (பேர்ண்), ஏப்ரல் 12

பெரொக்சைட் ஐந்து முறை ஊற்றியாகிவிட்டது. முதல் தடவை நுரை பொங்கி வழிந்தது, கடைசித் தடவை சில குமிழிகள்தான். வாடை போய்விட்டது. தாமிரம் இரண்டு முறை விட்டேன். ஆனால் குழி வெறுமையாகவே இருக்கிறது. ஏதாவது நடக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

ரைன்கரை (பாசல்), ஏப்ரல் 12

பச்சையாக இருப்பதில் மிக இளைய ஓலையின் மட்டையிலும், அதற்குப் பக்கத்து மட்டையிலும் ஒரே உயரத்தில் அழியாத பேனாவால் கோடு போடுங்கள். இளைய மட்டை மேலே தள்ளினால் இரண்டு கோடும் விலகும். அப்படி விலகினால் முனைக்கு உயிர் இருக்கிறது. தினமும் இழுத்துப் பார்க்காதீர்கள், அதுவே காயம். மண் சூடேறும் வரை, அதாவது மே கடைசி வரை, ஒன்றும் தெரியாமலும் போகலாம்.

வடலி (பேர்ண்), மே 18

கோடு அசையவில்லை. ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. வீட்டில் இதைப் பற்றிப் பேசுவதையே நிறுத்திவிட்டோம்.

தென்னந்தோப்பு (பொள்ளாச்சி), மே 18

மட்டைகள் பச்சையாகத்தானே இருக்கின்றன? அப்படியென்றால் விட்டுவிடாதீர்கள். இந்த வெயிலிலேயே எங்கள் கன்றுகள் மறுகுருத்து விடச் சில மாதம் எடுக்கும். உங்கள் ஊரில் இப்போதுதானே சூடு ஆரம்பிக்கிறது.

வடலி (பேர்ண்), ஜூன் 11

4 மில்லிமீட்டர்! கோடு விலகிவிட்டது! மகள்தான் அளவுகோல் வைத்து அளந்தாள், நான் நம்பாமல் இரண்டு தடவை அளந்தேன்.

வடலி (பேர்ண்), ஜூலை 6

குழிக்குள் மஞ்சள் கலந்த வெள்ளையில் ஒரு முனை. பார்க்கக் கத்தரியால் வெட்டியது போல, நுனி இல்லாமல் சதுரமாக வருகிறது. சரிதானா?

ரைன்கரை (பாசல்), ஜூலை 6

சரிதான், தம்பி! எனக்குக் கண் கலங்கிவிட்டது. அந்த ஓலை உள்ளே சின்னதாக இருக்கும்போதே மேல்பாதி அழுகிப் போயிருக்கிறது, மீதிதான் வெளியே வருகிறது. முதல் இரண்டு மூன்று ஓலை இப்படிக் குறையாகத்தான் வரும், வெட்டாதீர்கள். வாளியை எடுத்துவிடலாம். இப்போது உரம் போடலாம், மெதுவாகக் கரையும் வகை, கொஞ்சமாக. ஆகஸ்ட் நடுவோடு நிறுத்திவிடுங்கள்.

வடலி (பேர்ண்), செப்டம்பர் 28

மூன்றாவது ஓலை முழு விசிறியாக விரிந்துவிட்டது. அடுத்த குருத்தும் நிமிர்ந்து நிற்கிறது. இனிப் பனிக்காலத்துக்கு என்ன செய்வது? பொலித்தீனை எறிந்துவிட்டேன்.

ரைன்கரை (பாசல்), செப்டம்பர் 28

இந்த வருடம் மரம் பலவீனமாக இருக்கும், அதனால் வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடுதல் கவனம். முக்கியமானது கூரை. நான்கு கம்பு நட்டு, கொண்டைக்கு மேல் ஒரு ஒளிபுகும் தகட்டைச் சரிவாக வைத்துவிடுங்கள், பக்கங்கள் திறந்தே இருக்கட்டும். அடியில் காய்ந்த இலைச்சருகு ஒரு சாண் உயரம். -6க்குக் கீழே போகும் என்று சொல்லும் இரவுகளில் மட்டும் ஓலைகளைத் தளர்வாகக் கூட்டிக் கட்டி, தோட்டத்துக்கான வெள்ளைத் துணியைப் போடுங்கள், குளிர் தணிந்ததும் எடுத்துவிடுங்கள். மிகக் கடுமையான குளிர் என்றால் துணிக்குள் வெளியில் பாவிக்கும் பழைய மாதிரி விளக்குச் சரம் ஒன்று. எல்ஈடி சரம் சூடு தராது. ஈரப்பனி விழுந்து ஓலையில் கனத்தால் தட்டிவிடுங்கள்.

தண்டைச் சுற்றியிருக்கும் நாரை உரிக்காதீர்கள். சீனாவில் கயிறும் மழைக்கோட்டும் செய்த நார் அது, தண்டுக்கும் அதுதான் போர்வை.

வடலி (பேர்ண்), நவம்பர் 23

கூரை போட்டாகிவிட்டது. இன்று காலை -4, துணி போடவில்லை. குருத்து அசையவில்லை, ஒரே ஒரு தடவைதான் தொட்டுப் பார்த்தேன். கோட்டைப் புதிதாகப் போட்டிருக்கிறோம், மார்ச்சில் அளந்து எழுதுகிறேன்.