நீலமா மெரூனா: சீசனுக்கு முன்னாடி உங்க அனுபவத்த சொல்லுங்க

ஒன்பதாம் நம்பர்

காலேஜ் பேரெல்லாம் வேணாம், பொண்ணுங்க பேஸ்கட்பால்ல தர்மபுரி பக்கம் நீல ஜெர்சி, கிருஷ்ணகிரி பக்கம் மெரூன், ஆடினவங்களுக்கும் பாத்தவங்களுக்கும் அது போதும். காலேஜ் தொறந்தாச்சு, செலக்‌ஷனும் முடிஞ்சிடுச்சு, பெரியார் யுனிவர்சிட்டி இன்டர் காலேஜ் வர்றதுக்குள்ள இந்த வருஷம் யார் டீம் எப்படின்னு பேசிடலாம்னு ஆரம்பிக்கிறேன். ஆனா உண்மைய சொல்லணும்னா போன வருஷ செமி ஃபைனல் இன்னும் மனச விட்டு எறங்கல, அத யார்கிட்டயாவது கொட்டணும்.

நான் நீலம், பால மேல கொண்டு வர்ற பாயிண்ட் கார்ட். என்ன மார்க் பண்ணது மெரூன் 4. பெரிய உயரம்லாம் இல்ல, என் தோளுக்கு இருப்பா. மொத பால நான் தட்டிட்டு மேல வர்றேன், அவ எனக்கு நேரா நிக்கல, என் வலது கைப் பக்கமா ஒரு அடி தள்ளி நின்னுட்டா. இடது பக்கம் அப்படியே காலியா கெடக்கு. நான் அந்தப் பக்கம் போகல, ஏன் போகலன்னு அப்ப யோசிக்கக்கூட இல்ல. ரெண்டாவது தடவ வரும்போது எனக்கு மட்டும் கேக்குற மாதிரி மெதுவா "வலது" ன்னா. திட்டற மாதிரியும் இல்ல கிண்டலும் இல்ல, கண்டக்டர் ஸ்டாப் பேர் சொல்ற மாதிரி. நாலு குவார்ட்டரும் அதே தான், நான் பாலோட வந்தாலே "வலது", நானும் வலதுலயே போயி மாட்டிக்கிட்டேன். ஏழு தடவ பால் போச்சு, எங்க ஜூனியர் ஒருத்தி எண்ணி நோட்டுல எழுதி வச்சிருந்தா. 11 பாயிண்ட்ல தோத்தோம்.

தோத்தத கூட விடுங்க. நாலு வருஷமா ஆடுறேன், எனக்கு இடது பக்கமே இல்லன்னு எங்க ஆளுங்க ஒருத்தர் சொன்னதில்ல, எனக்கே தெரியாது. அவ்ளோ கவனமா என்ன பாத்தது எதிர் டீம் பொண்ணு ஒருத்தி தான்.

இந்த லீவு முழுக்க இடது கை லே அப், ரிங் கிட்ட ஓடிப் போயி போடற ஷாட். காலைல 50, சாயங்காலம் 50. ஏப்ரல்ல 50க்கு 14 உள்ள போச்சு, இப்ப 33. எம்ஏ ரெண்டாவது வருஷம், எனக்கு இது தான் கடைசி சீசன். மெரூன்ல அந்த 4 இந்த வருஷமும் ஆடுறாளா?

போச்சம்பள்ளி பொண்ணு

நான் மெரூன், முடிச்சு மூணு வருஷம் ஆச்சு, 4 பத்தி எனக்குத் தெரியல கண்ணு, அவ எனக்கு அப்புறம் வந்தவ. ஆனா நீல 15 இருந்தாளே, அவள மறக்கவே முடியாது. அப்ப அவ ஃபர்ஸ்ட் இயர். ஷாட் கைய விட்டுக் கெளம்பறதுக்கு முன்னாடியே இடுப்ப நம்ம மேல சாச்சு பின்னாடி தள்ளிட்டு நிப்பா, ரிங் கிட்ட போகவே முடியாது. ஒரு தடவ நான் தாண்டிக் குதிச்சேன், அவ முழங்கை என் உதட்டுல. ரத்தம். மேட்ச் முடிஞ்சு நான் கேட் கிட்ட ஒக்காந்திருக்கேன், அவ ஜெர்சியோடவே வெளிய ஓடிப் போயி குச்சி ஐஸ் வாங்கிட்டு வந்து "அக்கா சாப்புடாதீங்க, உதட்டுல வச்சு அமுக்குங்க" ன்னு கையில குடுத்துட்டு நிக்காம பஸ்ஸுக்கு ஓடிட்டா. சேமியா ஐஸ். அது உருகி ஜெர்சி பூரா வழிஞ்சது, நான் வச்சுக்கிட்டே இருந்தேன்.

டீம் பத்தி கேட்டா, ரீபவுண்ட், அதாவது உள்ள போகாம திரும்பற பால புடிக்கறது, எப்பவும் மெரூன் தான். எங்க பக்கம் புள்ளைங்க பாதிப் பேரு மாந்தோப்பு வீட்டுப் புள்ளைங்க, ஜூன் ஜூலைல மாங்கா கிரேட் தூக்கித் தூக்கி கை இறுகிடும், பால் ஒரு தடவ கைக்கு வந்தா புடுங்க முடியாது. நீலம் ஓட்டத்துல ஜெயிப்பாங்க, பால் கெடச்சதும் ஓடிப் போயி போடற ஃபாஸ்ட் பிரேக் குடுக்காம இருந்தா மெரூன் பக்கம் தான்.

டேபிள்ல ஒக்காந்தவன்

ஒன்பதாம் நம்பர் தங்கச்சி, அந்த செமில ஸ்கோரும் நேரமும் பாக்கற டேபிள்ல நான் தான். வலதுகையால தோக்கல நீங்க. நாலாவது குவார்ட்டர் ஆரம்பிக்கும்போது மூணு பாயிண்ட் தான் வித்தியாசம். நாலே நிமிஷத்துல உங்க டீம் ஃபவுல் அஞ்சு ஆயிடுச்சு, அதுக்கப்புறம் தொட்டதுக்கெல்லாம் யாரும் தடுக்காம போடற ரெண்டு ஃப்ரீ த்ரோ, மெரூன் கோட்டுல நின்னே ஜெயிச்சுட்டாங்க.

என் அனுபவம் ஒண்ணு இருக்கு, ரெண்டு வருஷமா யார்கிட்டயும் சொல்லல. அதுக்கு முந்தின வருஷ ஃபைனல், பால் கைக்கு வந்தா எத்தன செகண்ட்ல ஷாட் போடணும்னு காட்டற 24 செகண்ட் மெஷின் வேல செய்யல, என் கையில ஸ்டாப் வாட்ச், "பத்து... அஞ்சு..." ன்னு கத்திக்கிட்டு இருந்தேன். கடைசி நிமிஷம், மெரூன் ஷாட் ரிங்ல பட்டு அவங்களுக்கே திரும்ப வருது. அப்ப 14ல இருந்து தான் எண்ணணும். நான் 24ல இருந்து எண்ணிட்டேன். ரெஃப்ரி பாக்கல, ரெண்டு பெஞ்சும் பாக்கல. அந்த அதிகப்படி பத்து செகண்ட்ல தான் மெரூன் கூடை போட்டாங்க. நீலம் தோத்தது ஒரே பாயிண்ட்ல.

அதனால ரெண்டு டீமுக்கும் சொல்றேன், டேபிள் பக்கம் ஒரு புள்ளைய ஒக்கார வைங்க, ஆடாத புள்ளையா இருந்தாலும் பரவால்ல, ரூல் தெரிஞ்ச புள்ளையா இருக்கணும். டீம் ஃபவுல் எத்தன, நம்ம ஆள்ல யாருக்கு நாலு பர்சனல் ஃபவுல் ஆயிருக்கு, டைம் அவுட் எத்தன மிச்சம், இது மூணும் ஆட்டம் நிக்கற ஒவ்வொரு டெட் பாலுக்கும் கேப்டனுக்குத் தெரியணும். டைம் அவுட் மொத பாதிக்கு ரெண்டு ரெண்டாவது பாதிக்கு மூணு, மொத பாதில மிச்சமானத அடுத்ததுக்கு எடுத்துட்டுப் போக முடியாது, இது தெரியாம சேத்து வச்சு ஏமாந்த டீமுங்க நெறைய. நாலாவது குவார்ட்டர்ல நாலு ஃபவுல் ஆயிடுச்சுன்னா ஆளுக்கு ஆள் புடிக்கற மேன் டு மேன விட்டு இடத்த காக்கற ஜோனுக்கு மாறுங்க, கைய நீட்டாம கால நகத்துங்க. பாதிக் கோட்ட தாண்ட 8 செகண்ட் இருக்கு, எதிராளி நெருக்கி பிரஸ் பண்ணா பதறாதீங்க, பதறிப் போட்ட பாஸ் தான் எதிராளி கைக்குப் போகுது. இன்னொண்ணு, மேட்ச் முடிஞ்சதும் ஸ்கோர் ஷீட்ட ஒரு தடவ படிச்சுப் பாருங்க.

எக்ஸ்எல் அப்பா

எனக்கு பேஸ்கட்பால் தெரியாதுங்க. மகள் நீல டீமு, போன வருஷம் சேந்தா. நமக்கு பாப்பாரப்பட்டி பக்கம். பிராக்டிஸ் முடிஞ்சு டவுன் பஸ்ஸ விட்டுட்டா வேற வழி இல்லன்னு நான் எக்ஸ்எல் எடுத்துக்கிட்டு வந்து நிப்பேன். கோர்ட்டுல லைட்டு கெடையாது. ஒரு நாள் மேட்ச்க்கு மொத நாள், இருட்டிடுச்சு, அஞ்சாறு புள்ளைங்க இன்னும் போட்டுக்கிட்டே இருக்குதுங்க, ரிங்கே தெரியல. நான் வண்டிய உள்ள தள்ளிட்டுப் போயி சாய்வா நிறுத்தி லைட்ட போர்டு மேல அடிச்சேன். பழைய வண்டி, ஆக்ஸிலேட்டர் முறுக்கினா தான் வெளிச்சம், விட்டா மங்கிடும். புள்ள பால தூக்கும்போது முறுக்குவேன், விழுந்ததும் விடுவேன். முக்கா மணி நேரம். பெட்ரோல் ரிசர்வ்க்கு வந்துடுச்சு. திரும்பி வரும்போது பாப்பா "அப்பா, நீங்க முறுக்குனதும் தான் நான் குதிச்சேன்" ன்னா.

மெரூன் காரங்க கோர்ட்டுக்கு லைட் இருக்குதாம். ரெண்டு டீம ஒப்பிடறவங்க இதையும் சேத்து எழுதுங்க.

பதினஞ்சு

போச்சம்பள்ளி அக்கா, அந்த 15 நான் தான். உதடு ஆறிடுச்சான்னு மூணு வருஷமா கேக்கணும்னு இருந்தேன்.

டேபிள் அண்ணே, நீங்க எழுதினத நாலு தடவ படிச்சேன். அந்த ஃபைனல்ல கடைசி குவார்ட்டர்ல ரெண்டு ஃப்ரீ த்ரோல ஒண்ண விட்டது நான். ஒரு பாயிண்ட்ல தோத்தோம், ரெண்டு வருஷமா அது என் கணக்குல தான் இருக்கு. பால் ரிங்கோட பின் பக்கம் பட்டு முன்னாடி வந்துச்சு, அந்த சத்தம் இன்னும் கேக்குது. உங்க பத்து செகண்ட் தெரிஞ்சதால என் ஃப்ரீ த்ரோ உள்ள போயிடாது, ஆனாலும் நீங்க சொன்னது நல்லது.

அந்த பால் ஏன் பின்னாடி பட்டுச்சுன்னும் எனக்குத் தெரியும். எங்களுக்கு பிராக்டிஸ்க்கு குடுத்தது பூரா பசங்க பழசாக்கிப் போட்ட 7ம் சைஸ் பால். பொண்ணுங்க மேட்ச் 6ம் சைஸ், சுத்தளவுல ஒரு இஞ்ச் கம்மி, எடையும் கம்மி. கை 7க்குப் பழகிடுச்சுன்னா மேட்ச்ல எல்லாம் தூரமாப் போகும். இந்த வருஷம் ஆடுற புள்ளைங்க, சந்தா போட்டாவது ரெண்டு 6ம் சைஸ் பால் வாங்கிடுங்க. அப்புறம் முட்டி. நான் இப்ப ஆடல, லே அப் போட்டு ஒத்தக் கால்ல எறங்குனப்போ முட்டிக்குள்ள டப்புனு ஒரு சத்தம், லிகமென்ட் போச்சு. பசங்கள விட பொண்ணுங்களுக்கு இது அதிகமா நடக்கும். எறங்கும்போது ரெண்டு கால்லயும் எறங்குங்க, முட்டி மடங்கி இருக்கணும், உள் பக்கமா சாயக்கூடாது, கண்ணாடி முன்னாடி குதிச்சுப் பாருங்க தெரியும். வார்ம் அப்னா ரெண்டு ரவுண்டு ஓடறது மட்டும் இல்ல, ஸ்குவாட், ஒத்தக் கால்ல நிக்கறது, பின் தொடைக்கு எக்ஸர்சைஸ், வாரத்துக்கு மூணு நாளாவது. சிமென்ட் கோர்ட்டுல தேஞ்ச ஷூவோட ஆடாதீங்க. வீங்கினா எண்ணெய் போட்டு நீவாதீங்க, டாக்டர்கிட்ட போங்க, நான் நீவிக்கிட்டே ரெண்டு மாசம் கெடுத்துட்டேன்.

ஓசூர் ரசிகை

நான் ரெண்டு டீமும் இல்ல. 2017ல பெங்களூர்ல விமன்ஸ் ஏசியா கப் டிவிஷன் பி நடந்துச்சே, இங்கேர்ந்து பஸ் ஏறுனா ரெண்டு மணி நேரம் கூட ஆகாது, சித்தி கூட்டிட்டுப் போனாங்க. ஃபைனல்ல இந்தியா கஜகஸ்தான 75-73ல அடிச்சாங்க. நம்ம சென்னை அனிதா பால்துரை அப்ப குழந்த பொறந்து திரும்பி வந்து ஆடினாங்க, அவங்களுக்குத் தான் 2021ல பத்மஸ்ரீ குடுத்தாங்க. ரெண்டே பாயிண்ட். பெல் அடிச்சதும் பக்கத்து சீட் ஆன்ட்டி, யாருன்னே தெரியாது, என்னத் தூக்கிட்டாங்க.

போச்சம்பள்ளி அக்கா, ரீபவுண்ட் எப்பவும் மெரூன்னு எழுதி இருக்கீங்க, போன சீசன் லீக்ல நீலம் தான் அதிகம் எடுத்தாங்க, நான் நேர்ல பாத்தேன். கிரேட் தூக்கறதுல கைக்கு பலம் வரும், எங்க விழும்னு பாக்கற கண்ணு வராது.

போச்சம்பள்ளி பொண்ணு

ஒரு லீக் மேட்ச வச்சு சொல்லாதம்மா. செமில எண்ணிப் பாத்தியா? பதினஞ்சு, உதடு ஆறிடுச்சு, சின்னதா தழும்பு இருக்கு. முட்டிய பாத்துக்கோ.

ஒன்பதாம் நம்பர்

அந்த ஃபைனல்ல நானும் தான் இருந்தேன் டேபிள் அண்ணா, எனக்கும் இப்ப தான் தெரியுது. கோவம் வரலன்னு பொய் சொல்ல மாட்டேன், ராத்திரி தூங்கல. பதினஞ்சு, அந்த ஃப்ரீ த்ரோவ நாங்க யாரும் உன் மேல போட்டதே இல்லடி, நீயா ஏன் சுமந்த? எக்ஸ்எல் அப்பா, உங்க பொண்ணு யார்னு தெரிஞ்சுடுச்சு, இந்த வருஷம் அவ தான் எங்க ஷூட்டர்.

4 பத்தி இன்னும் யாரும் சொல்லல.

டேபிள்ல ஒக்காந்தவன்

கோவப்படுங்க தங்கச்சி, அது ஞாயம் தான். ஆனா இடது கை பிராக்டிஸ் பண்றத ஏன் இப்படி பொதுவுல எழுதினீங்க? மெரூன் படிக்க மாட்டாங்களா?

மெரூன் புதுசு

படிச்சோம் அக்கா. 4 அக்கா போன வருஷமே முடிச்சுட்டாங்க, பிஎட் சேந்துட்டாங்க, இனிமே ஆட மாட்டாங்க. போறப்ப ஒரு நோட்டு குடுத்துட்டுப் போனாங்க, நாப்பது பக்க நோட்டு, நீல டீம்ல ஒவ்வொருத்தருக்கும் ஒரு பக்கம். உங்க பக்கத்துல மேல "வலது" ன்னு எழுதி ரெண்டு கோடு போட்டிருக்கு. கீழ சின்ன எழுத்துல "இடது கத்துக்கிட்டா நிறுத்த முடியாது" ன்னு இருக்கு.

4ம் நம்பர் ஜெர்சி இப்ப எனக்கு. நோட்டுல எதையும் அடிக்கல. நான் நேரா தான் நிப்பேன், நீங்க எந்தப் பக்கம் வர்றீங்கன்னு பாக்கறேன்.