ஆடுபுலி ஆட்டத்துல புலி பறக்குது, யாராவது பார்த்துச் சொல்லுங்க

புலிக்குட்டி23

வணக்கம். விருதுநகர் பக்கம் பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ் மூன்றாம் வருஷம் படிக்கிறேன். ஃபைனல் ப்ராஜெக்டுக்கு ஆடுபுலி ஆட்டத்தை பிரவுசர்ல விளையாடுற மாதிரி செஞ்சிருக்கேன். 23 புள்ளி, 3 புலி, 15 ஆடு. எங்க தாத்தா திண்ணையில கரிக்கட்டையால கோடு கிழிச்சு, புளியங்கொட்டையை ஆடா வச்சு ஆடுவார், அதே கட்டம். யாரோ எழுதி வச்ச ரெடிமேட் லைப்ரரி எதுவும் கிடையாது, வெறும் ஜாவாஸ்கிரிப்டும், பிரவுசர்ல படம் வரையற கேன்வாஸும்தான்.

விதியெல்லாம் சரியா ஓடுது. அதுக்கே ரெண்டு வாரம் ஆச்சு. புலி எங்கே தாவும்னு முதல்ல எக்ஸ், ஒய் கணக்குல கண்டுபிடிக்கப் பார்த்தேன், சாய்வுக் கோட்டுலயெல்லாம் சொதப்பிடுச்சு. கடைசியில 'இங்கிருந்து, இந்த ஆட்டைத் தாண்டி, அங்கே'ன்னு ஒவ்வொரு தாவலையும் நோட்டுல எழுதி டேபிளாவே போட்டுட்டேன்.

என் லேப்டாப்புல புலி வில்லு மாதிரி வளைஞ்சு அழகா தாவுது. ரிவ்யூ அன்னிக்கு சார் தன் புது போன்ல திறந்தார். புலி தாவினதே தெரியலை. "ஆட்டைக் காணோம், எங்கப்பா போச்சு?"ன்னார். கிளாஸே சிரிச்சுது. ஆரம்பத்துல வர வேண்டிய 'மே' சத்தமும் வரலை. இது போதாதுன்னு, முகப்புல 'ஆடுபுலி'ங்கிற தலைப்பு ஒவ்வொரு எழுத்தா குதிச்சு வரணும். அதுல 'லி'யோட கொக்கி தனியா ஒரு புள்ளி வட்டத்தோட குதிக்குது. ரெண்டாவது ரிவ்யூ அடுத்த வாரம்.

கோவை_ஃப்ரண்ட்எண்ட்

தம்பி, உன் புரோகிராமைப் பார்க்காமலே சொல்றேன்: ஒவ்வொரு ஃப்ரேமுக்கும், அதாவது திரையில படம் மாறுற ஒவ்வொரு தடவையும், எக்ஸ்ல 4 பிக்சல் கூட்டுற. சரியா? உன் லேப்டாப் திரை 60 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 60 ஃப்ரேம், அதனால நொடிக்கு 240 பிக்சல். சார் போன் 120 ஹெர்ட்ஸா இருக்கும், அதுல 480. ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் உன் ஃபங்ஷனைக் கூப்பிடுற ரிக்வெஸ்ட்அனிமேஷன்ஃப்ரேம், திரையோட வேகத்துக்குத்தான் கூப்பிடும், உன் வேகத்துக்கு இல்லை. ஐபோன்ல லோ பவர் மோடு போட்டா 30-க்கு இறங்கிடும். அப்போ உன் புலி நொண்டும்.

அந்த ஃபங்ஷனுக்குள்ள ஒரு நேரம் மில்லிசெகண்ட்ல வருது பாரு, அதைப் பிடி. உன் ஆட்டத்துல புலி புள்ளியிலிருந்து புள்ளிக்குத்தான் போகுது, அதனால கூட்டுற வேலையே வேண்டாம். தாவ ஆரம்பிச்ச நேரத்தைக் குறிச்சு வை. இப்போதைய நேரத்துல அதைக் கழிச்சு 350-ஆல வகுத்தா 0-விலிருந்து 1 வரைக்கும் ஒரு எண் கிடைக்கும். இடத்தை அதை வச்சு கணக்குப் போடு. எந்தத் திரையா இருந்தாலும் தாவல் 350 மில்லிசெகண்ட்ல முடியும். 1-ஐத் தாண்டாம மட்டும் தடுத்துடு. நடுவுல போன் கால் வந்து டேபை விட்டுப் போனா ஃப்ரேமே வராது. திரும்பி வரும்போது அந்த எண் 40, 50-ன்னு நிக்கும், புலி அடுத்த ஊருக்குப் போயிடும்.

சத்தம் உன் தப்பு இல்லை. ஆடுறவங்க எங்கேயாவது தொடுற வரைக்கும் பிரவுசர் ஆடியோவை விடாது. குரோம்ல 2018-லிருந்தே இப்படித்தான். 'ஆரம்பி'ன்னு ஒரு பட்டன் வச்சு, அதைத் தொட்டதும் ஆடியோ கான்டெக்ஸ்டை (பிரவுசர்ல சத்தத்தை ஓட்டுற பகுதி) ரெஸ்யூம் பண்ணு.

பழைய_ஃப்ளாஷ்_கை

பிரவுசர்ல அனிமேஷனும் கேமும் ஓட்டின அந்தக் கால ஃப்ளாஷ்ல இந்தத் தொல்லையே கிடையாது, கோப்புலயே ஃப்ரேம் ரேட்டை எழுதிடுவோம். ஹும். 2020 டிசம்பர் 31-ஓட அதுக்கு மூடுவிழா. ஃப்ளாஷ் கோப்பை இப்பவும் ஓட்டுற ரஃபிள்ங்கிற மென்பொருள் புண்ணியத்துல என் பழைய எஸ்.டபிள்யூ.எஃப். (ஃப்ளாஷ் கோப்பு) சிலது இன்னும் ஓடுது, ஆனா மூலக் கோப்புகளை ஒரு பழைய ஹார்ட் டிஸ்கோட தொலைச்சுட்டேன். உன் புரோகிராமை, இணையத்துல சேமிச்சு வைக்கிற கிட்ஹப்ல ஏத்தி வை தம்பி. அங்கேயே பேஜஸ்ங்கிற வசதியில இலவசமா லிங்கும் கிடைக்கும். பென்டிரைவைத் தூக்கிட்டு அலைய வேண்டாம்.

அந்தத் தாவல் நோட்டுப் பக்கத்தை போட்டோ எடுத்து ப்ராஜெக்ட் பக்கத்துலயே போடு. உன் மெனு அனிமேஷனைவிட எனக்கு அதுதான் பிடிச்சிருக்கு.

எழுத்தாணி

தலைப்பு விஷயத்துக்கு நான் வர்றேன். 'ஆடுபுலி' நமக்கு நாலு எழுத்து, ஜாவாஸ்கிரிப்டுக்கு 7. ட தனி, உகரக் குறி தனி. நீ ஸ்ப்ளிட் போட்டு அந்த ஏழையும் பிரிச்சு, ஒவ்வொண்ணையும் ஒரு ஸ்பேன்ல (தனித்தனியா அசைக்கிற ஹெச்.டி.எம்.எல். டேக்) அடைச்சிருப்ப, அதான் கொக்கி அநாதையா குதிக்குது. ஸ்ப்ளிட்டுக்குப் பதிலா, ஜாவாஸ்கிரிப்ட்லயே இருக்கிற இன்ட்ல் செக்மென்டரை கிராஃபீம் அளவுல, அதாவது கண்ணுக்குத் தெரியற முழு எழுத்து அளவுல வச்சுப் பிரி, ஆ, டு, பு, லின்னு வரும். ஃபயர்பாக்ஸுக்கு 2024-லதான் வந்தது, காலேஜ் லேப்ல பழசு இருந்தா பார்த்துக்கோ. இன்னொண்ணு, க்ஷ, ஸ்ரீ ரெண்டையும் அதுவும் பிளந்துடும். உன் தலைப்புல அது இல்லை, பிழைச்ச.

புலிக்குட்டி23

அக்கா, அண்ணன்மாரே, மூணும் சரியாயிடுச்சு! கூட்டுனது 4 இல்லை, 5. மத்தபடி அக்கா சொன்னதேதான். சார் போன்லயே மறுபடியும் போட்டுப் பார்த்தேன், புலி பொறுமையா தாவுது.

லிங்கை எடுத்துட்டுப் போய் நேத்து தாத்தாகிட்ட கொடுத்தேன். அவர் ஆடு, நான் புலி. பத்தாவது ஆட்டை வச்சதும் என் ஒரு புலியைத் தொட்டுப் பார்த்துட்டு, "இது அந்த ஓரத்து ஆட்டை வெட்டலாமே, ஏன் வெட்ட மாட்டேங்குது?"ன்னார். நோட்டை எடுத்துப் பார்த்தா, வலது ஓரக் கோட்டுல ஒரு தாவலை எழுதவே இல்லை. விதியெல்லாம் சரியா ஓடுதுன்னு மேல எழுதினதை வாபஸ் வாங்கிக்கிறேன். இன்னிக்கு ராத்திரி டேபிளை முழுசா மறுபடி சரிபார்க்கணும்.