கங்காருப் பைக்குள் குழந்தை: மாதாந்தரப் படத்தொடர், யோசனை தேவை

கேள்வி:
பிறந்து 9 நாளான குழந்தைக்கு மாதம் ஒரு படம் எடுத்துத் தர வேண்டும். கங்காருக் குட்டி வளர்வது போலத் தொடராகக் கேட்கிறார்கள். பழுப்புத் துணியில் பை தைத்து, குழந்தையை நிமிர்த்தி உட்காரவைத்து, தலை மட்டும் எட்டிப்பார்ப்பதாக முதல் படம் வைக்கலாமா? குட்டி எந்த மாதத்தில் எப்படி இருக்கும்?

பதில் 1:
எட்டிப்பார்ப்பது முதல் படத்துக்குப் பொருந்தாது. செங்கங்காரு சுமார் 33 நாளில் ஈன்றுவிடும். குட்டி ஒரு கிராம்கூடத் தேறாது, மொச்சைக்கொட்டை அளவுதான். கண் திறந்திருக்காது, பின்னங்கால் வெறும் மொட்டு. முன்னங்காலில் மட்டும் நகம் முளைத்திருக்கும். அதை வைத்தே தாயின் ரோமத்தைப் பற்றிப் பற்றி, சில நிமிடங்களில் பைக்குள் போய்விடும். தாய் தூக்கி வைப்பதில்லை. உள்ளே நான்கு காம்புகள். ஒன்றைக் கவ்வியதும் அதன் நுனி குட்டியின் வாய்க்குள் உப்பிப் பூட்டிக்கொள்ளும். இரண்டு மாதத்துக்கும் மேலாக அந்தப் பிடி விடாது.

தலை வெளியே வருவது ஏறக்குறைய 5 மாதத்தில். 6 மாதம் தாண்டிக் கீழே இறங்கிப் பார்க்கும், பயந்தால் தலைகீழாகப் பாய்ந்து உள்ளே போகும். 8 மாதத்தில் பையை விட்டுவிடும். பிறகும் ஒரு வயது வரை தலையை மட்டும் நுழைத்துப் பால் குடிக்கும். அப்போது அடுத்த குட்டி வேறொரு காம்பில் தொங்கிக்கொண்டிருக்கும். மூத்ததுக்குக் கொழுப்பு கூடிய பால், இளையதுக்கு நீர்த்த பால், ஒரே தாயிடம் ஒரே நேரத்தில்!

பதில் 2:
படத்துக்கும் இந்தக் கணக்குதான் வசதி. 9 நாள் குழந்தைக்குக் கழுத்து நிற்காது. பையில் நிமிர்த்தினால் தாடை நெஞ்சில் மடங்கி மூச்சு தடைபடும். ஆகவே முதல் படம் பைக்குள் சுருண்டு தூங்குவதாக இருக்கட்டும். பீன் பேக்கில் மல்லாக்கப் படுக்கவைத்து, முகத்தை விட்டு உடம்பைத் துணியால் தளர்வாகச் சுற்றி, நேர் மேலிருந்து எடுங்கள். கேமரா வார் உங்கள் கழுத்தில் இருக்கட்டும், குழந்தைக்குப் பக்கத்தில் ஓர் ஆள் கைதொடும் தூரத்தில். பால் குடித்த அரைமணி கழித்து, அறை 27 டிகிரியில். ஹீட்டர் காற்று நேராகப் படக்கூடாது.

வெளிச்சம் ஜன்னலிலிருந்து, தலைப்பக்கமாகச் சாய்ந்து விழ வேண்டும். கால்பக்கமிருந்து வந்தால் மூக்குத் துவாரம் ஒளிர்ந்து பேய்முகமாகும். லென்ஸ் துளை எஃப் 4, ஷட்டர் வேகம் 1/200 நொடி. துளையை அதைவிட அகலமாகத் திறந்தால் மூக்கு மட்டும் துல்லியமாகி இமை மங்கும். செம்பழுப்புத் துணி கன்னத்தில் சிவப்பு அடிக்கும். சாம்பல் கலந்த பழுப்பு எடுங்கள்.

எட்டிப்பார்க்கும் படத்தை 5ஆம் மாதத்துக்குத் தள்ளுங்கள். அப்போது பெரும்பாலும் கழுத்து நின்றிருக்கும். அப்போதும் பையைத் தொங்கவிட வேண்டாம். குப்புறப் படுத்துத் தலை தூக்கும்போது, நெஞ்சுக்குக் கீழே சுருட்டிய துண்டு வைத்து, முன்னால் பையின் வாயை மட்டும் விரியுங்கள். கேமரா தரைமட்டத்தில்.

கேள்வி கேட்டவர்:
அப்பாவுக்குப் பை கட்டி ஒரு படம் வேண்டுமாம்.

பதில் 1:
ஆண் கங்காருவுக்குப் பையே கிடையாது. அம்மாவுக்குக் கட்டுங்கள். பையின் வாய் மேல்பக்கம் பார்த்திருக்கட்டும். கீழ்ப்பக்கம் திறந்தால் அது வாம்பட் (வளை தோண்டும் இன்னொரு ஆஸ்திரேலியப் பை விலங்கு) பை ஆகிவிடும்.