சோடியம் குறைந்ததற்கு உங்கள் வீட்டில் என்ன காரணம் கண்டுபிடித்தார்கள்?

அம்மாவுக்கு 74 வயது. ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை மாற்றிக் கொடுத்த சில வாரங்களில் ஆள் மாறிப்போனார். எந்தக் கிழமை என்று கேட்டால் முழிப்பார், நடந்தால் தள்ளாடுவார், சாப்பாட்டைக் கண்டாலே குமட்டல். வயதாகிவிட்டது, மறதி ஆரம்பித்துவிட்டது என்றுதான் பார்க்க வந்தவர்கள் எல்லோரும் சொன்னார்கள். ஒரு நாள் குளியலறையில் விழுந்தார். அப்போது எடுத்த ரத்தப் பரிசோதனையில் சோடியம் 118. சாதாரணமாக 135 முதல் 145 மில்லிமோல் வரை இருக்க வேண்டும்.

புது மாத்திரையில் ஹைட்ரோகுளோரோதயசைடு சேர்ந்திருந்தது. அது சிறுநீர் வழியாக உப்பை வெளியேற்றுவதோடு, கூடுதலாக உள்ள தண்ணீரைப் பிரித்து அனுப்பும் சிறுநீரகத்தின் திறனையும் குறைக்கும் என்று மருத்துவர் விளக்கினார். வயதான பெண்களுக்கு, அதிலும் உடல் மெலிந்தவர்களுக்கு, ஆபத்து அதிகமாம். மாத்திரையை நிறுத்தி, மருத்துவமனையில் வைத்து சோடியத்தை மெதுவாக ஏற்றினார்கள். அம்மா பழையபடி எல்லோரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார். மறதி நோய் என்று நினைத்து அப்படியே விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்னும் பயமாக இருக்கிறது. அதனால்தான் கேட்கிறேன். உங்களுக்குத் தெரிந்தவர்களுக்கு எதனால் குறைந்தது?

—

அக்கா, எங்கள் அப்பாவுக்கு மாத்திரை எதுவும் கிடையாது. சோடியம் 122 என்றதும் சாப்பாட்டில் உப்பைக் கூட்டினோம், தண்ணீரும் நிறையக் கொடுத்தோம். எண் ஏறவே இல்லை. மருத்துவர் முதலில் தண்ணீரைத்தான் குறைக்கச் சொன்னார். பெரும்பாலான சமயம் உடம்பில் உப்புப் பற்றாக்குறை இல்லையாம், தண்ணீர்தான் மிஞ்சி நிற்கிறதாம்.

ரத்தத்தோடு சிறுநீரையும் சோதித்தார்கள். ரத்தம் நீர்த்துப் போயிருக்கும்போது சிறுநீரும் நீர்த்து வர வேண்டும். அப்பாவுக்கோ அடர்த்தியாக வந்தது. தண்ணீரைப் பிடித்து வைக்கும் வாசோபிரசின் என்ற ஹார்மோன் தேவையில்லாத நேரத்திலும் சுரந்துகொண்டே இருக்கிறது என்று அர்த்தம். நிமோனியா, காசநோய், தலையில் அடி, மூளைக் கட்டி, பெரிய அறுவை சிகிச்சை என்று அதற்குப் பல தூண்டுதல்கள் உண்டு. அப்பாவுக்கு நெஞ்சை ஸ்கேன் செய்தார்கள். நுரையீரலில் சிறு செல் புற்றுநோய். அந்தக் கட்டியே ஹார்மோனைச் சுரந்துகொண்டிருந்தது. அப்போது அவருக்கு இருமல்கூட இல்லை. சிகிச்சை தொடங்கியதும் சோடியம் தானாக ஏற ஆரம்பித்தது. எண்ணை மட்டும் சரிசெய்து வீட்டுக்கு அனுப்பாமல் காரணத்தைத் தேடிய அந்த மருத்துவருக்கு எங்கள் குடும்பமே கடமைப்பட்டிருக்கிறது.

—

என் பெரியம்மாவுக்கு மனச்சோர்வுக்காகக் கொடுத்த செர்ட்ராலின். தொடங்கிய மூன்றாம் வாரம் 126. மருந்தை மாற்றியதும் சரியானது. வலிப்புக்குக் கொடுக்கும் கார்பமசெபின், ஆக்ஸ்கார்பசெபினும் இப்படிச் செய்யக்கூடும். ஆனால் இவற்றை யாரும் தானாக நிறுத்திவிடாதீர்கள்.

—

வார்டில் செவிலியராக வேலை பார்க்கிறேன். மேலே எழுதியவர்கள் சொன்ன எல்லாவற்றையும் பார்த்திருக்கிறேன். ஆனால் மனதில் நிற்பவர் மூட்டு வலிக்காக வருடக்கணக்கில் ஸ்டீராய்டு சாப்பிட்டு வந்த ஒரு பெண். வலி இல்லையே என்று திடீரென நிறுத்திவிட்டார். எழுந்து உட்காரக்கூட முடியாத சோர்வு, குறைந்த ரத்த அழுத்தம், சோடியம் 121. உடம்பே சுரக்கும் ஸ்டீராய்டான கார்டிசாலைப் பார்த்தால் மிகக் குறைவு. வெளியிலிருந்து ஸ்டீராய்டு வந்துகொண்டே இருந்தால் உடம்பு தன் சொந்தச் சுரப்பை நிறுத்திக்கொள்ளும். கார்டிசால் ஊசி போட்ட பிறகு அவர் தேறியது கண்கூடாகத் தெரிந்தது.

இதய பலவீனம், கல்லீரல் சுருக்கம், சிறுநீரக நோய் உள்ளவர்களுக்குக் கால் வீக்கத்தோடு சேர்ந்து குறையும். தொடர் வாந்தி, வயிற்றுப்போக்கிலும் குறையும். தைராய்டு மிகவும் குறைந்திருந்தாலும் காரணமாகலாம். சர்க்கரை 500, 600 என்று ஏறியிருக்கும்போது தெரியும் குறைவு வேறு கதை. செல்களிலிருந்து தண்ணீர் ரத்தத்துக்கு வந்துவிடுவதால் எண் இறங்கும், சர்க்கரை இறங்கினால் அதுவும் ஏறும்.

வீட்டார் எங்களிடம் அடிக்கடி கேட்பது, "ஏன் இவ்வளவு மெதுவாக ஏற்றுகிறீர்கள்?" பல நாளாகக் குறைந்திருக்கும் சோடியத்தை வேகமாக ஏற்றினால் மூளை நரம்புகளின் உறை சிதைந்து பேச்சும் நடையும் போய்விடலாம். அதனால் பொதுவாக 24 மணி நேரத்தில் 8 முதல் 10 மில்லிமோலுக்கு மேல் ஏற்ற மாட்டோம். வலிப்போ நினைவிழப்போ வந்திருந்தால் மட்டும் முதல் சில மணி நேரத்தில் அடர் உப்புநீரைக் கொஞ்சம் கொடுத்து ஆபத்தைத் தாண்ட வைப்போம். தயவுசெய்து அவசரப்படுத்தாதீர்கள்.

—

நோயே இல்லாதவர்களுக்கும் வரும். என்னோடு மாரத்தான் ஓடிய நண்பர் வழியெல்லாம் தாகம் இல்லாமலே குடித்தார், முடிவில் வாந்தியும் குழப்பமும். 2002 பாஸ்டன் மாரத்தானில் 488 பேரின் ரத்தத்தைச் சோதித்தபோது 13 சதவீதம் பேருக்குக் குறைந்திருந்தது. ஓட்டத்தின்போது எடை கூடியவர்களுக்குத்தான் அதிகம்.

—

எல்லோருக்கும் நன்றி. செவிலியர் சகோதரி, ஒரு சந்தேகம். அம்மாவுக்கு இப்போது இண்டபமைடு கொடுக்கலாமா என்று வேறொரு மருத்துவர் யோசிக்கிறார். அது பரவாயில்லையா?

—

அக்கா, இண்டபமைடும் குளோர்தாலிடோனும் அம்மா சாப்பிட்ட ஹைட்ரோகுளோரோதயசைடு போலவே வேலை செய்பவை. ஏற்கெனவே 118 வரை போனதை அவரிடம் உடனே சொல்லுங்கள், பழைய அறிக்கையையும் காட்டுங்கள். ரத்த அழுத்தத்துக்கு வேறு வகை மாத்திரைகள் இருக்கின்றன.