மறு: அடித்துவிடுகிற விடைக்கு ஒரு பெயர்

நண்பர்களுக்கு வணக்கம்.

கணிதக் கலைச்சொற்களுக்குத் தமிழ்ப் பெயர் தேடும் நம் இழையில், கதையாகச் சொல்லிக் கேட்கும் கணக்குக்கு (வேர்ட் பிராப்ளம்) முன்வைத்த 'சொற்கணக்கு' என்ற சொல்லில் எனக்கு மறுப்பு இல்லை. வார்த்தைக் கணக்கு என்றாலும் புரியும், ஆனால் சொற்கணக்கு வாயில் சுலபமாக வருகிறது. அதை அப்படியே வைத்துக்கொள்வோம். நான் எழுத வந்தது, இழையின் நடுவில் ஒருவர் கேட்டு, யாரும் பதில் சொல்லாமல் விட்ட கேள்வியைப் பற்றி.

> இருபடிச் சமன்பாட்டில் இரண்டு விடை வருகிறது. ஒன்றை 'ஏற்கத்தக்கதல்ல' என்று அடித்துவிடுகிறோம். அதற்குப் பெயர் என்ன? 'போலித் தீர்வு' போதுமா?

போதாது என்றுதான் எனக்குப் படுகிறது. ஒரு கணக்கைப் போட்டே பார்த்துவிடலாம்.

இரண்டு குழாய்கள் சேர்ந்து ஒரு தொட்டியை 6 மணி நேரத்தில் நிரப்புகின்றன. தனியாகத் திறந்தால், இரண்டாவது குழாய்க்கு முதல் குழாயைவிட 5 மணி நேரம் கூடுதலாகப் பிடிக்கும். முதல் குழாயின் நேரத்தை ந என்று வைத்தால் 1/ந + 1/(ந+5) = 1/6. சுருக்கினால் ந² − 7ந − 30 = 0. விடை 10 அல்லது −3. பத்துக்கு அடிக்கோடு போடுகிறோம். −3 மேல் ஒரு கோட்டைக் கிழித்து, 'நேரம் குறை எண்ணாக இருக்காது' என்று எழுதிவிட்டு அடுத்த கணக்குக்குப் போய்விடுகிறோம்.

அந்த −3-ஐ ஒரு நிமிடம் கையில் எடுத்துப் பாருங்கள். சமன்பாட்டில் போட்டால் −1/3 + 1/2 = 1/6. கச்சிதமாக வருகிறது. அதற்கு அர்த்தமும் உண்டு: முதல் குழாய் தொட்டியை 3 மணி நேரத்தில் காலி செய்கிறது, இரண்டாவது 2 மணி நேரத்தில் நிரப்புகிறது. இரண்டையும் ஒன்றாகத் திறந்துவிட்டால் 6 மணி நேரத்தில் தொட்டி நிரம்பும்! நாம் கேட்காத ஒரு கேள்விக்கு இது சரியான விடை. இதைப் 'போலி' என்று சொல்லிக்கொடுத்தால், மாணவர் அந்த வடிகால் குழாயைக் கடைசிவரை பார்க்கவே மாட்டார். எனக்கு இதில் உண்மையாகவே வருத்தம் உண்டு. சொற்கணக்குப் பயிற்சியின் சுவையே இந்த இடத்தில்தான் இருக்கிறது.

> அப்படியானால் 'குறை மூலம்' என்று வைத்துவிடலாமே?

மூலம் என்றால் சமன்பாட்டுக்குக் கிடைக்கும் விடை; அது குறை எண்ணாக வந்தால் குறை மூலம். இதுவும் சரிப்படாது. 30 செ.மீ. நீளமும் 20 செ.மீ. அகலமும் உள்ள அட்டையின் நான்கு மூலைகளிலும் ஒரே அளவுச் சதுரங்களை வெட்டி, ஓரங்களை மடக்கித் திறந்த பெட்டி செய்கிறோம். அடிப்பரப்பு 200 ச.செ.மீ. வேண்டும். சதுரத்தின் பக்கம் ப என்றால் (30−2ப)(20−2ப) = 200. விடை 5, 20. இரண்டுமே மிகை எண்கள். ஆனால் 20 செ.மீ. அகல அட்டையில் மூலைக்கு 20 செ.மீ. எப்படி வெட்டுவது? −10-ஐ −20-ஆல் பெருக்கினாலும் 200 வந்துவிடுகிறது. அந்த வழியாகத்தான் இந்த 20 வந்து நிற்கிறது.

இதே சிக்கலை 12-ஆம் நூற்றாண்டிலேயே இரண்டாம் பாஸ்கரர் தம் பீஜகணிதத்தில் காட்டியிருக்கிறார். ஒரு குரங்குக் கூட்டத்தின் ஐந்தில் ஒரு பங்கிலிருந்து மூன்றைக் கழித்து வர்க்கப்படுத்தினால் எத்தனை வருமோ அத்தனை குரங்குகள் குகைக்குள் போய்விட்டன. ஒன்று மட்டும் கிளையில் தெரிகிறது. மொத்தம் எத்தனை? விடை 50, 5. ஐந்தை எடுத்தால் ஐந்தில் ஒரு பங்கு 1, அதில் மூன்றைக் கழிக்க வேண்டும், −2. வர்க்கப்படுத்தினால் அந்தக் குறை மறைந்துவிடுகிறது. இந்த இரண்டாவது விடையை எடுத்துக்கொள்ளக் கூடாது என்கிறார் பாஸ்கரர். காரணமாக அவர் சொல்லும் வடசொல் 'அனுபபன்னம்', அதாவது பொருந்தாதது. நமக்கு வேண்டிய சொல் இங்கேயே கிடைத்துவிட்டது என்று நினைக்கிறேன்: பொருந்தாத் தீர்வு.

தமிழ் அகத்திணைகளில் ஒன்றான பெருந்திணையைப் 'பொருந்தாக் காமம்' என்பார்கள். பொருந்தாவிட்டாலும் அது காமம்தான். அதுபோல, பொருந்தாவிட்டாலும் இது தீர்வுதான். 'தகாத் தீர்வு' இன்னும் சின்னது என்று ஒருவர் எழுதியிருந்தார். தகாதது என்றதும் குற்றத்தின் வாடை வந்துவிடுகிறது. −3 ஒரு குற்றமும் செய்யவில்லையே.

அப்புறம், இழையில் இதோடு கலந்துபோன இன்னொன்றைப் பிரித்தாக வேண்டும். √(ம+6) = ம. இருபுறமும் வர்க்கப்படுத்தினால் ம² − ம − 6 = 0. மூலங்கள் 3, −2. முதல் சமன்பாட்டில் −2-ஐப் போட்டால் இடப்பக்கம் 2, வலப்பக்கம் −2. இது தீர்வே இல்லை. இங்கே கதையும் கிடையாது, குழாயும் கிடையாது. வர்க்கப்படுத்திய படியில் நாமே உள்ளே விட்டுக்கொண்டது. ஆங்கிலத்தில் எக்ஸ்ட்ரேனியஸ் ரூட் (வெளியிலிருந்து வந்த மூலம்) என்பது கறாராக இதைத்தான் குறிக்கும். குழாய்க் கணக்கின் −3-ஐயும் சிலர் அதே பெயரால் அழைத்துவிடுகிறார்கள். புதிதாகப் பெயர் வைக்கிற நாம் அந்தக் குழப்பத்தையும் சேர்த்து வாங்கிக்கொள்ள வேண்டாம்.

இதற்கு வந்த பரிந்துரைகளில் 'வெளிமூலம்' வேண்டவே வேண்டாம், சித்த மருத்துவத்தில் அது ஒரு நோயின் பெயர். 'வந்தேறி மூலம்' மனிதரை வையும் சொல்லிலிருந்து வருகிறது, அதையும் விட்டுவிடுவோம். 'இடைச்செருகல்' எனக்கு மிகவும் பிடித்தது. ஏட்டைப் படியெடுத்தவர் நடுவில் நுழைத்த பாட்டைப் போலவே, மூலச் சமன்பாட்டில் இல்லாதது படியெடுக்கும்போது ஏறிக்கொள்கிறது. ஆனால் எண்ணியல் முறைகளில் அந்தச் சொல் ஏற்கனவே இன்டர்போலேஷனுக்காக (தெரிந்த மதிப்புகளுக்கு இடையிலுள்ள மதிப்பைக் கணிப்பது) உழைத்துக்கொண்டிருக்கிறது. அதனால் 'புகுமூலம்' என்று முன்வைக்கிறேன். ஊறுகாய் மாதிரி வினைத்தொகை. எந்தப் படியில் புகுந்தது என்று கேட்கவும் தோன்றும்.

பொருந்தாத் தீர்வு என்று எழுதுகிறவர், எதற்குப் பொருந்தவில்லை என்று கூடவே ஒரு வரி எழுதியாக வேண்டும்: '20 பொருந்தாத் தீர்வு, ப என்பது 10-ஐவிடக் குறைவாக இருக்க வேண்டும்.' சமன்பாடு அமைப்பதற்கு முன்பே அந்த எல்லையை எழுதிவைக்கப் பழகினால் இன்னும் நல்லது.

பொருந்தாத் தீர்வு, புகுமூலம் இரண்டையும் நம் கலைச்சொல் பட்டியலில் தனித்தனிப் பதிவுகளாகச் சேர்க்கக் கேட்டுக்கொள்கிறேன். மாற்றுச் சொல் வைத்திருப்பவர்கள், இந்த நான்கு கணக்குகளிலும் அதைப் போட்டுப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.